இரண்டாம் டிக்காஷன்

கும்பகோணம்,
தை மாதம்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். பொங்கலுக்கு வந்துவிட்டு நீயும் குழந்தையும் சென்னை திரும்பிப் பதினெட்டு நாள் ஆகிறது. இதைத் தொலைபேசியிலேயே பேசிவிடலாமே என்று நீ நினைப்பாய். தொலைபேசியில் நான் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் "அப்புறம் கூப்பிடறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

விஷயம் காபிதான். போகியன்று காலையில் அம்மா டவரா டம்ளரை நீட்டியபோது, காபியை விட்டுவிட்டதாகச் சொன்னாய். உடம்புக்கு ஆகவில்லையாம். எந்த மருத்துவர் சொன்னார் என்று கேட்டேன். அதற்குள் குழந்தை கூப்பிட்டதாக எழுந்து போய்விட்டாய். குழந்தை அப்போது மொட்டை மாடியில் இருந்தாள், அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. எட்டு வயதில் பால் டம்ளரைத் தள்ளிவிட்டு, நான் குடித்து வைத்த டம்ளரின் விளிம்பில் ஒட்டியிருந்த நுரையை விரலால் வழித்து அம்மாவிடம் அடி வாங்கியவள் நீ. பிரசவத்துக்கு வந்திருந்தபோது, மருத்துவமனையில் குழந்தையின் முகத்தைப் பார்த்த பிறகு நீ கேட்ட முதல் பொருள் என்னவென்று உனக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்டவள் காபியை விட்டுவிட்டாள் என்றால் அதில் உடம்பு சம்பந்தப்படவில்லை என்று எனக்குத் தெரியாதா?

நீ சிக்கனமாக இருப்பதைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சொல்லப்போனால் எனக்கு அதில் பெருமைதான். நம் குடும்பத்தில் தன் பெயரில் கடன் வாங்கித் தன் பெயரில் வீடு வாங்கிய முதல் பெண் நீ. அதை உன் பெரிய அத்தையிடம் இதுவரை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று அம்மாவைக் கேட்டால் தெரியும். பண்டிகைக் கூட்டத்தில் சோழன் எக்ஸ்பிரஸில் பொதுப் பெட்டியில் ஏறி, எலுமிச்சம்பழச் சாதத்தைக் கட்டிக்கொண்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாயே, அதையும் குறை சொல்லமாட்டேன். ஆனால் முன்பதிவு கிடைக்கவில்லை என்று ஒரு முறை சொன்னாய், முன்பதிவு செய்ய மறந்துவிட்டேன் என்று இன்னொரு முறை சொன்னாய். இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டிருக்கலாம்.

என்னை உறுத்தியது வேறு. கரிநாள் அன்று பேத்தியைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனேன். பாத்திரக் கடைக்குப் பக்கத்தில் ரிப்பன் விற்றுக்கொண்டிருந்தார்கள். வேண்டுமா என்று கேட்டேன். வேறொரு குழந்தையாக இருந்தால் நிறத்தைச் சொல்லியிருக்கும். அவள் ரிப்பனைத் தொடாமலே, "இது எவ்வளவு தாத்தா?" என்று கேட்டாள். இருபது ரூபாய் என்றதும், "பரவாயில்லை, வீட்டில் இருக்கு" என்று சொல்லிக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு எதற்கு? நான் வாங்கித் தந்தேன், அவளும் வாங்கிக்கொண்டாள். ஆனால் வீடு வரும் வரை அதைப் பிரிக்கவில்லை.

மாப்பிள்ளையின் அலுவலகம் எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு நன்றாகப் போகிறது என்று சொன்னாய். நல்லது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை, இதிலும் கேட்கப் போவதில்லை. பொதுவாகச் சில விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது என்பதால் எழுதுகிறேன். மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்; ஒரு யூனிட் தாண்டினாலும் 100-க்கு மேல் 200 வரை உள்ள யூனிட்டுகளுக்கும் சலுகை விலை போய்விடும், கட்டணம் ஒரே குதியாக ஏறும். ஏசியை 26-இல் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் தூக்கம் நன்றாகவே வரும். வெள்ளைப் பலகை போட்ட நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதில் ஏறுவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. யாராவது அவசரத்துக்கு நகையை வைக்க வேண்டி வந்தால் தெருமுனை அடகுக் கடைக்குப் போகாமல் அரசு வங்கியில்தான் வைக்க வேண்டும், ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும், கெடு முடிவதற்குள் வட்டியையாவது கட்டிப் புதுப்பித்துவிட வேண்டும். இல்லையென்றால் ஏலத்துக்குப் போய்விடும். இதைப் பொதுவாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் முதல் தேதியில் சம்பளம் வந்ததும், வீட்டுக் கடன் தவணைக்கு அடுத்தபடியாக, காபிப் பொடிக்கும் பூவுக்கும் உரிய பணத்தை எடுத்து வைத்துவிடு. மீதியில்தான் மற்ற கணக்கெல்லாம். இப்படிச் சொல்வது என் வாய்தானா என்று உனக்குச் சந்தேகம் வரும். நீ என் கணக்கு நோட்டைப் பார்த்து வளர்ந்தவள். நீல அட்டை போட்ட நீள நோட்டு, ஒவ்வொரு இரவும் எட்டரை மணிக்கு நான் அதைத் திறந்ததும் வீட்டில் வானொலியின் ஒலியைக்கூடக் குறைத்துவிடுவீர்கள். கத்தரிக்காய் கால் கிலோ, தீப்பெட்டி ஒன்று, உனக்கு ஜாமெட்ரி பெட்டி என்று பைசா சுத்தமாக எழுதி, மாதக் கடைசியில் சிவப்பு மையால் கோடு போட்டு, எதை நிறுத்தலாம் என்று பார்ப்பேன். அந்த நோட்டுகளை நீ இந்தத் தடவை பரணிலிருந்து எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே புரட்டினாய் என்றாலும், ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டும் போயிருக்கிறாய். 1994-ஆம் வருடத்து நோட்டு அங்கே இல்லை.

எடுத்ததுதான் எடுத்தாய், வேறு வருடத்தை எடுத்திருக்கலாம்.

அந்த வருடம் பிரேசிலில் கடும் உறைபனி விழுந்து காபிச் செடிகள் கருகிப்போயின. உலகச் சந்தையில் விலை ஏறியது, நம் கடைத்தெருவிலும் பொடி விலை ஏறியது. அதுவரை நம் வீட்டுக்கு நூற்றுக்கு 20 சிக்கரி சேர்த்து மாதம் அரைக் கிலோ வாங்கிக்கொண்டிருந்தோம். நான் அதை 40 ஆக்கினேன். சிக்கரி ஒன்றும் கெட்ட பொருள் அல்ல. அது ஒரு செடியின் வேர், குஜராத்துப் பக்கம் பயிரிடுகிறார்கள், வறுத்து அரைத்து அளவோடு சேர்த்தால் டிக்காஷன் கெட்டிப்படும், பொடியும் குறைவாகப் பிடிக்கும். நூற்றுக்கு 15, மிஞ்சினால் 20 வரை அது சிக்கனம். 40 போட்டால் அது கஷாயம். பிறகு விலை இறங்கியது. நான் இறக்கவில்லை. பழகிவிட்டதே, இனி எதற்கு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கஷாயத்திலும் முதல் டிக்காஷன் எனக்கு. நான் அலுவலகம் கிளம்பிய பிறகு, அம்மா அதே சக்கையின் மேல் இன்னொரு தரம் வெந்நீர் ஊற்றுவாள். வெளிறிப்போய், லேசாகப் புளித்து இறங்கும் அந்த இரண்டாம் டிக்காஷனில் பாலை விட்டுக்கொண்டு, கொல்லைப்புறக் கதவின் நிலையில் சாய்ந்து நின்று குடிப்பாள். உனக்கு வயது வந்த பிறகு உனக்கும் அதுதான். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததே.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அதே 1994-இல், வீட்டுக் காபி வாயில் வைக்க விளங்காததால், சாயங்காலம் அலுவலகம் விட்டதும் நான் கும்பேசுவரர் கோயில் பக்கம் இருந்த ஒரு சிறிய காபி கிளப்பில் நுழைய ஆரம்பித்தேன். கறந்த பாலில் தண்ணீர் சேர்க்காமல் காய்ச்சி, புதிதாக இறக்கிய டிக்காஷனை அதில் விட்டு, பித்தளை டவராவில் நுரை பொங்கத் தருவார்கள். பால்மானியில் பாலின் டிகிரி பார்த்து வாங்கியதால்தான் டிகிரி காபி என்ற பெயர் வந்தது என்பார்கள், வேறு கதைகளும் சொல்வார்கள். எனக்கு அந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை. சுவர் ஓரத்து மேசையில் தனியாக உட்கார்ந்து, பத்து நிமிடம், யாருக்கும் கணக்குச் சொல்லாமல் குடித்துவிட்டு வருவேன். நோட்டில் "இதர செலவு" என்று இருக்கிறதல்லவா, மாதா மாதம் ஒரே மாதிரித் தொகை? எழுபத்தைந்து ரூபாய், எண்பது ரூபாய்? அதுதான். ஓய்வு பெற்ற 2016 வரை, 22 வருடம்.

நீ ஊருக்குப் போன மறுநாள், பிள்ளை காபியை விட்டுவிட்டாளே, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இப்படியும் இருக்க வேண்டுமா என்று அம்மாவிடம் புலம்பினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தை நிமிர்த்தாமல், "யாராவது ஒருத்தராவது வெளியில போய்க் குடிக்காம விட்டாளே" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவளே சொன்னாள்: நான் சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சட்டையிலிருந்து பீபெரிக் காபிக் கொட்டையின் வாசனை கூடம் வரை வருமாம். முதல் வாரத்திலேயே தெரியுமாம். ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "கேட்டா அதையும் நோட்டுல எழுதுவீங்க" என்று சொல்லிவிட்டு அரிசியைக் களையப் போய்விட்டாள்.

அன்று இரவு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு? மூன்று ரூபாயில் தொடங்கிப் பதினைந்து ரூபாயில் முடிந்தது. சராசரி 8 ரூபாய் என்று வைத்து, 22 வருடத்துக்கு ஏறக்குறைய 6,000 டம்ளர் என்றால் 48,000 ரூபாய். வீட்டுப் பொடியில் சிக்கரியைக் குறைத்து வைத்திருந்தால் மாதம் முப்பது ரூபாய் கூடியிருக்கும். அதே 22 வருடத்துக்கு 8,000 ரூபாய்கூட வரவில்லை. இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பழக்கதோஷத்தில் சிவப்புக் கோடும் போட்டுவிட்டு, அந்தக் காகிதத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நோட்டைப் பார்த்துத்தான் நீ உன் வீட்டை நடத்துகிறாய் என்றால், தயவு செய்து நடத்தாதே. அதிலிருக்கும் கூட்டல் சரி, ஆனால் சிக்கனம் எல்லாம் அம்மாவின் டம்ளரிலிருந்தும் உன் டம்ளரிலிருந்தும் எடுத்தது. நீ என்னைப் போல ஒளித்துக் குடிக்கமாட்டாய் என்று தெரியும். உன் டம்ளரையே கவிழ்த்து வைத்துவிட்டாய். அதைத்தான் உன் மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நீ என் நோட்டைப் பார்த்ததுபோல.

இத்துடன் கால் கிலோ பொடி அனுப்புகிறேன். பிளான்டேஷன் கொட்டை பாதி, பீபெரி பாதி, நூற்றுக்கு 15 சிக்கரி. இப்போதும் விலை அதிகம்தான். பிரேசிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்ததிலிருந்து 2024-இலும் 2025-இலும் ஏறியது. இருந்தாலும் பச்சை உறைப் பால் நூறு மில்லியும் சர்க்கரையும் சேர்த்து வீட்டில் ஒரு டம்ளர் 15 ரூபாய்க்குள் அடங்கிவிடும், போட்டுப் பார்த்துவிட்டேன். மொத்தமாக வாங்காதே, வாசனை போய்விடும்; நூறு நூறு கிராமாக அரைத்து வாங்கு. உறையில் அடைத்த பொடி வாங்கினால் சிக்கரி எவ்வளவு என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். 51 பங்கு காபி இருந்தால் சட்டத்துக்குப் போதும், நமக்குப் போதாது. முதல் தேதியில், தவணைக்கு அடுத்தபடியாக, இதற்கு எடுத்து வைத்துவிடு. முன்பே சொன்னேனோ? மறுபடியும் சொல்கிறேன்.

அம்மாவின் பழைய பித்தளை ஃபில்டரையும் வைத்திருக்கிறேன். மேல் பாத்திரத்தின் துளைகள் அடைத்துக்கொண்டால் அடுப்புத் தணலில் லேசாகக் காட்டித் தட்டினால் திறந்துகொள்ளும். மூன்று கரண்டி பொடி போட்டு, குடை என்கிற அந்தத் துளைத் தட்டை வைத்து மெதுவாக அமுக்கி, தளதளவென்று கொதிப்பது அடங்கிய நீரைச் சுற்றிலும் ஊற்றிவிட்டு, இருபது நிமிடம் அதைத் தொடாதே. இறங்கியதை நீயும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து குடியுங்கள். அவருக்கு மனசு சரியில்லாத நாளாக இருந்தாலும் குடியுங்கள். குழந்தைக்குப் பாலில் ஒரு சொட்டு விட்டுக் கொடு, எதுவும் ஆகாது.

இங்கே இப்போது காலையில் நான்தான் காபி போடுகிறேன். அம்மா பழக்கத்தில் முதல் டிக்காஷனை என் பக்கம் நகர்த்திவிடுகிறாள் என்பதால், இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்துவிடுகிறேன். தண்ணியாக இருக்கிறது என்கிறாள். நாளையிலிருந்து சக்கையில் இரண்டாம் தரம் ஊற்றாமல் கொட்டிவிடப் போகிறேன். அதற்கு என்ன சொல்லப் போகிறாளோ.

பார்சல் வந்ததும் எத்தனை கரண்டி போட்டாய் என்று எழுது. வேறு எழுத வேண்டியது இருந்தால் அதையும் எழுது. எழுத முடியாவிட்டால் ஒரு நடை வந்துவிட்டுப் போ, முன்பதிவு நான் செய்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: குடையைத் தனியாகக் காகிதத்தில் சுற்றி ஃபில்டருக்குள் வைத்திருக்கிறேன், காகிதத்தோடு எறிந்துவிடாதே. பொங்கல் அன்று கோலத்துக்கு நீ மாவு எடுத்தபோது உன் கையைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாளா என்று தெரியவில்லை. பார்த்ததை அன்றே சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.