மனு வாங்கிய பிறகு என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

மலைத்தொகுதி எம்.எல்.ஏ.க்களின் அரசியல் வாழ்க்கை பற்றிய தங்கள் கட்டுரையில் வென்ற தேர்தல்களும் வாக்கு வித்தியாசமும் இருந்தன. மக்களின் மனுவைக் கையில் வாங்கிய பிறகு ஓர் எம்.எல்.ஏ. செய்யவேண்டிய வேலை மட்டும் இல்லை. ஏற்காட்டில் ஓர் உறுப்பினர் பேர் எடுப்பதும் கெடுவதும் அதில்தான்.

தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடும் சேந்தமங்கலமும்தான். ஏற்காடு இருப்பது சேலம் மாவட்டத்தில், எம்.பி.யோ கள்ளக்குறிச்சித் தொகுதிக்காரர். எம்.பி. நிதி கேட்டு சேலத்தில் அலைகிறவர்கள் கவனிக்க.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். உறுப்பினர் பரிந்துரைப்பார், நிர்வாக அனுமதி கலெக்டருடையது. "எங்க ஊருக்கு ரோடு போட்டுத் தரணும்" என்ற ஒருவரி மனுவில் கையெழுத்துப் போட்டு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசுக்கு அனுப்பினால், சர்வே எண் இல்லாத அந்தக் காகிதம் அங்கேயே கிடக்கும். பாதை யார் நிலத்தில் போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். காப்பித் தோட்டத்துப் பட்டா நிலமென்றால் ஊராட்சி பெயருக்குத் தானப்பத்திரம் வேண்டும். காப்புக்காடு என்றால், சாலை போன்ற ஊர் வசதிகளுக்குக் காட்டு நிலத்தைத் தர வழிசெய்யும் 2006 வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2).

சிக்கல் வருவது இந்தப் பிரிவில்தான். ஒரு வேலைக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபையின் பரிந்துரை அவசியம். வடிகாலோடு 6 மீட்டர் அகலம் என்று வைத்தால் ஒன்றரை கிலோமீட்டருக்கு 0.9 ஹெக்டேர், தாங்கும். ஆசைப்பட்டு 2 கிலோமீட்டர் என்று எழுதினால் 1.2 ஹெக்டேர். சலுகை போச்சு, 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி முதலிலிருந்து நடக்க வேண்டும். நீளம், அகலம், மர எண்ணிக்கை இல்லாத கிராம சபைத் தீர்மானமும் திரும்பி வரும். மாவட்ட வன அலுவலர் மறுத்தால் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகலாம். அதைச் செய்யாமல் "பாரஸ்ட்காரங்க விடமாட்டேங்கறாங்க" என்று மேடையில் பேசுவது சுலபம்!

மதிப்பீட்டிலும் ஒரு கோளாறு உண்டு. சிமென்ட் மூட்டை 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, லாரி போகாத இடத்தில் இறக்கி, தலைச்சுமையாய்ப் போகிறது. சமவெளி விலையில் போட்ட டெண்டரை எந்தக் கான்ட்ராக்டரும் தொடமாட்டார். பதவிக்காலத்தின் ஐந்தாம் ஆண்டுக் கடைசியில் பணி ஆணை வாங்கி மண்ணே வெட்டாமல் வைத்திருந்தால், தேர்தல் அறிவிப்பு வந்ததும் நடத்தை விதி அதை நிறுத்திவிடும்.

சட்டமன்றக் கேள்வியிலும் சாமர்த்தியம் வேண்டும். "அரசின் பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலோடு நின்றுவிடக்கூடாது. துணைக்கேள்வி கேட்டு அமைச்சர் வாயால் "செய்து தரப்படும்" என்று வாங்கிவிட்டால், அமைச்சர்கள் சபையில் தந்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்கும் அரசு உறுதிமொழிக் குழு மூலம் அதைத் துரத்தலாம்.

அடுத்த கட்டுரையில் வாக்கு வித்தியாசத்துக்குப் பக்கத்தில், அப்படி வாங்கிய உறுதிமொழிகளில் எத்தனை நிறைவேறின, எத்தனை நிலுவையில் உள்ளன என்ற கணக்கையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஏற்காடு வாசகர்கள் சிலர்