சிடி டிரைவும் வன்தட்டும் வழிக்கு வந்தன: உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பழைய கணினி ஒன்றில் ஃப்ரீபிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் வழி இயங்குதளத்தை நிறுவுவதற்கு மூன்று வாரங்களாக நான் பட்ட பாடு நேற்றிரவு முடிவுக்கு வந்தது. கணினி தானே எழுந்து, பயனர் பெயரைக் கேட்டு நின்றது. அந்த ஒற்றை வரியைத் திரையில் பார்ப்பதற்கு எத்தனை பேருடைய நேரத்தைச் செலவழித்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தபோது, பொத்தாம் பொதுவாக நன்றி சொல்லிவிட்டு நகர மனம் வரவில்லை. யார் எதைச் சொல்லி எந்த முடிச்சு அவிழ்ந்தது என்பதை எழுதி வைப்பதே முறை என்று தோன்றியது.

முதலில், "திரையில் வந்ததை உங்கள் சொற்களில் சொல்லாதீர்கள், வந்தபடியே எழுதுங்கள்" என்று கண்டிப்பாகச் சொன்ன பெரியவருக்கு என் வணக்கம். அதுவரை நான் "சிடி வேலை செய்யவில்லை" என்று மட்டுமே எழுதிக்கொண்டிருந்தேன். வரிக்கு வரி எழுதிக் காட்டிய பிறகுதான், கணினி சிடியிலிருந்து ஒழுங்காகவே பூட் ஆகிறது என்பதும், நிறுவும் நிரல் தொடங்கி, எந்த ஊடகத்திலிருந்து நிறுவுவது என்று கேட்கும் இடத்தில்தான் சிடி டிரைவே இல்லை என்று கைவிரிக்கிறது என்பதும் எனக்கே புரிந்தது. எந்தச் சிடியிலிருந்து எழுந்து வந்ததோ அதே சிடியைக் காணவில்லை என்று சொல்லும் நிரலைப் பார்த்து நான் சிரிக்கக்கூட முடியாத நிலையில் இருந்தேன்.

இந்தப் புதிருக்கு விடை சொன்னவர் வேறொரு நண்பர். தொடக்கத்தில் சிடியைப் படிப்பது, மதர்போர்டில் பதிந்திருந்து கணினியை எழுப்பும் நிரலான பயாஸ்; இயங்குதளத்தின் மையமான கெர்னல் நினைவகத்தில் ஏறியவுடன் பயாஸை ஒதுக்கிவிட்டு, தன்னுடைய டிரைவர் நிரலைக் கொண்டு வன்பொருளைத் தானே தேடத் தொடங்குகிறது; ஆகவே முதல் பாதி வெற்றியை வைத்து இரண்டாம் பாதியை எடை போடக் கூடாது என்று அவர் விளக்கினார். கூடவே, டிரைவின் பின்புறத்தைப் பார்க்கச் சொன்னார். டிரைவ்களை மதர்போர்டோடு இணைக்கும் ஐடிஇ கேபிள்களில் இரண்டாவதில் அந்த டிரைவ் மட்டுமே தனியாக இருந்தது. ஆனால் ஒரே கேபிளில் வரும் இரண்டு டிரைவ்களில் எது முதலாவது (மாஸ்டர்), எது இரண்டாவது (ஸ்லேவ்) என்று குறிக்கும் ஜம்பர் என்னும் சிறு செருகியோ ஸ்லேவ் நிலையில் செருகப்பட்டிருந்தது. மாஸ்டர் இல்லாத தடத்தில் ஸ்லேவ் மட்டும் இருந்தால் பயாஸ் பொறுத்துக்கொள்ளலாம், பழைய கெர்னல் கண்டுகொள்ளாமல் போகலாம் என்றார். அரிசி மணியைவிடச் சற்றே பெரிய அந்தக் கறுப்புத் துண்டைப் பிடுங்கும்போது அது கைநழுவிப் பெட்டிக்குள் விழுந்து, மதர்போர்டின் அடியில் ஒளிந்துகொண்டது தனிக்கதை. அதைத் தேடி எடுத்து மாஸ்டர் நிலைக்கு மாற்றியதும் டிரைவ் தென்பட்டது.

தென்பட்டதே தவிர, கோப்புகளைப் பிரித்துப் போடும்போது பாதியில் படிப்புப் பிழை வந்தது. சிடி கீறலாக இருக்கும் என்று இரண்டு சிடிகளை வீணாக்கினேன். கோப்பு பழுதின்றி வந்ததா என்று காட்டும் எம்டி5 எண்ணைச் சரிபார்த்த பின் மறுபடி சிடி எழுதுவதில் பொருளில்லை என்றும், டிஎம்ஏ முறையை (செயலியை இடையில் நிறுத்தாமல் தரவு நேராக நினைவகத்துக்குப் போகும் முறை) அணைத்துவிட்டுப் பூட் செய்து பாருங்கள் என்றும் ஒருவர் இரண்டே வரியில் எழுதினார். வேகம் குறைந்தது, பிழை நின்றது. அந்த இரண்டு வரிகளுக்கு இரட்டிப்பு நன்றி.

வன்தட்டுச் சிக்கல் இதைவிட ஆழமானது. அதில் பாதி என் அறியாமை. டாஸ் என்னும் பழைய இயங்குதளத்தின் உலகம் பார்ட்டிஷன் என்று சொல்லும் வன்தட்டுப் பிரிவை ஃப்ரீபிஎஸ்டி ஸ்லைஸ் என்கிறது. அந்த ஸ்லைஸுக்குள் வெட்டும் உட்பிரிவுகளைத்தான் அது பார்ட்டிஷன் என்கிறது. இது தெரியாமல் ரூட்டுக்கு (இயங்குதளத்தின் மூலக் கோப்பகம்) ஒன்று, ஸ்வாப்புக்கு (நினைவகம் போதாதபோது உதவும் வட்டு இடம்) ஒன்று என்று, வட்டு அனுமதிக்கும் நான்கு முதன்மைப் பிரிவுகளையும் தீர்த்துவிட்டு, ஐந்தாவதற்கு இடம் தேடி அலைந்தேன். ஒரே ஸ்லைஸ் போதும், அதற்குள் ஏ என்பது ரூட், பி என்பது ஸ்வாப், சி என்பது முழு ஸ்லைஸையும் குறிப்பது, அதைத் தொடாதே என்று படம் வரைந்து அனுப்பிய தங்கைக்கு நன்றி. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்ற என் மனத்தாங்கல் மட்டும் இன்னும் தீரவில்லை.

அதன் பிறகும், நிறுவல் முழுதாக முடிந்து மறுதொடக்கம் செய்தால், இயங்குதளத்தைக் காணவில்லை என்ற செய்திதான் வந்தது. வேறொரு கணினியிலிருந்து கழற்றி வந்த 20 ஜிபி வன்தட்டு இது என்பதைப் பேச்சுவாக்கில் நான் சொன்னபோது, உங்களில் ஒருவர் உடனே பிடித்துக்கொண்டார். அந்தக் கணினியின் பயாஸ் வைத்திருந்த வேறு கணக்கின்படி எழுதப்பட்ட பிரிவு அட்டவணை இன்னும் அதில் இருக்கிறது, நிறுவும் நிரல் அதை நம்புகிறது, உங்கள் பயாஸ் நம்பவில்லை என்றார். பழைய பயாஸ் வழியில் வட்டின் ஓரிடத்தைச் சிலிண்டர் (வளையத் தடம்), தலை (படிக்கும் முனை), செக்டர் (தடத்தின் சிறு துண்டு) என்ற மூன்று எண்களால் குறிப்பார்கள்; அதில் சிலிண்டர் எண்ணுக்கு 10 பிட் மட்டுமே என்பதால் 1024 சிலிண்டர்தான் எல்லை. 16 தலை, 63 செக்டர், 512 பைட் என்று பெருக்கினால் 52,84,82,304 பைட்; தலைகளை 255 என்று மாற்றிக் கணக்கிட்டால் ஏறத்தாழ 842 கோடி பைட். இரு தரப்பும் வேறு வேறு தலைக் கணக்கு வைத்திருந்தால், பூட் நிரல் தவறான செக்டரில் போய்த் தட்டும் என்பதை அவர் பொறுமையாகப் போட்டுக் காட்டினார்.

அவர் சொன்னபடி பயாஸில் எல்பிஏ முறையை (செக்டர்களைத் தொடர் எண்ணால் குறிக்கும் முறை) தேர்ந்தெடுத்து, வட்டில் நேரடியாக எழுதும் டிடி கட்டளையால் அந்த அட்டவணை இருக்கும் முதல் செக்டரைத் துடைத்து, 255 தலை, 63 செக்டர் என்று கையால் கொடுத்து, ரூட் பிரிவை வட்டின் தொடக்கத்திலேயே வைத்தேன். டிடியை இயக்கும் முன், மற்ற வன்தட்டின் மின்கம்பியைக் கழற்றிவிடச் சொல்லி எச்சரித்தவரை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். பத்து ஆண்டுப் படங்கள் அதில் இருந்தன. கட்டளையில் நான் தட்டச்சு செய்திருந்த வன்தட்டின் பெயரில் ஓர் எண் மாறித்தான் இருந்தது.

கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொன்ன இருவருக்கும் நன்றி; வீம்புக்காவது தொடர வைத்தீர்கள்.

ஜம்பர் நிலை, தலை, செக்டர் எண்கள், டிஎம்ஏ அமைப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவிட்டேன். அடுத்து அதைத் திறப்பவர் நானாகவே இருந்தாலும், உங்களை மீண்டும் தொந்தரவு செய்ய வேண்டியிராது.

நன்றியுடன்,
உங்கள் பொறுமையைச் சோதித்த நண்பன்