குழாய்க்கிணற்று நீரும் ஆசனிக் பரிசோதனையும்

ஆசிரியர் அவர்கட்கு,

மட்டக்களப்பின் படுவான்கரைக் கிராமங்களில் வரட்சிக் காலத்தில் புதிய குழாய்க்கிணறுகள் அமைக்கப்படுவது வரவேற்கத்தக்கதே. ஆயினும், அவற்றின் நீரை நாம் இன்றும் நாக்கால்தான் சோதிக்கிறோம். சவர் இல்லை, வாளியில் துருக்கறை படியவில்லை என்றால் நல்ல தண்ணீர் என்று தீர்மானித்துவிடுகிறோம். நிறமோ மணமோ சுவையோ இல்லாத ஆசனிக் என்னும் நச்சுப்பொருள் இச்சோதனையில் அகப்படாது. கொதிக்கவைத்தாலும் அகலாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

பங்களாதேஷில் 1970களில், குளத்து நீரால் பரவிய வயிற்றோட்ட நோய்களிலிருந்து மக்களைக் காப்பதற்காக, யுனிசெப் போன்ற நிறுவனங்களின் உதவியுடன் நல்லெண்ணத்தோடு அமைக்கப்பட்ட குழாய்க்கிணறுகளே, இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டலில் இயற்கையாக இருந்த ஆசனிக்கைப் பல இலட்சம் வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தன. உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்தது. ஆண்டுகள் கழித்துப் பலருக்குப் புற்றுநோயாகவும் வெளிப்பட்டது. அதன் பின்னரே கிணறுகள் சோதிக்கப்பட்டு, ஆபத்தானவற்றின் வாய்க்குச் சிவப்பும் ஏனையவற்றுக்குப் பச்சையும் பூசப்பட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். பங்களாதேஷில் அனுமதிக்கப்படும் உச்ச அளவோ இன்றும் 50.

நமது மண் இமயத்து வண்டல் அன்று. எனவே வீண் பீதி வேண்டாம். ஆனால், எங்கள் ஊர்க் கிணறொன்றின் பரிசோதனை அறிக்கையைக் கேட்டபோது, உவர்த்தன்மையும் கிருமியும் மட்டுமே பார்க்கப்பட்டதாகக் கூறினார்கள். புதிய கிணறுகளை மக்களிடம் கையளிக்குமுன் ஆசனிக், புளோரைட் ஆகியவற்றையும் சோதித்து, முடிவுகளைப் பிரதேச சபை அறிவித்தல் பலகையில் இடுமாறு உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெல்லாவெளி.