ஆண்டறிக்கை 2024–25: மொட்டைக் கட்டடம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது

தலைவர் அவர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடற்கரைச் சாலையில் பாதியில் நிற்கும் மொட்டைக் கட்டடத்தை ஊருக்கான வடிவமைப்பு மையமாக மாற்றுவது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். "அது என்னப்பா மையம், அங்க யாரு எத வடிவமைக்கிறது?" என்று அன்றைக்கே சிலர் கேட்டார்கள். வீடு கட்டப் போகிறவர், கருவாட்டுப் பரண் போடப் போகிறவர், கடைக்கு முன்னால் சாய்ப்பு இறக்கப் போகிறவர் எல்லோரும் காசைக் கொட்டுவதற்கு முன்னால் வந்து, தாளிலும் தரையிலும் போட்டுப் பார்த்து, விவரம் தெரிந்தவரிடம் கேட்டுப் போகும் இடம். அவ்வளவுதான். ரத்ததான முகாம், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. ஆகவே மீதி அறிக்கை முழுக்க மொட்டைக் கட்டடம்தான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர்ப் பொது நிலத்தில் கல்யாண மண்டபம் கட்ட வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரித்தோம். காண்ட்ராக்டர் பன்னிரண்டு தூண்களை எழுப்பினார், அட்வான்ஸை வாங்கினார், அப்புறம் வரவே இல்லை. நடுவில் சீமைக்கருவேலம் மண்டியது. இரவில் என்னென்ன நடந்தது என்பதை இங்கே எழுத வேண்டாம்.

சுத்தம் செய்யத் தோதான காலம் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடக்கும், ஆட்களும் வீட்டில் இருப்பார்கள். கருவேலத்தை வெட்டினால் போதாது, தூரோடு எடுக்காவிட்டால் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும். தூரெடுக்க மட்டும் ஜேசிபி பிடித்தோம். விறகைக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு விற்றதில் ஜேசிபி வாடகை போகக் கையில் கொஞ்சம் மிஞ்சியது. மையத்தின் முதல் வருமானம் கரியில் வந்தது.

அடுத்து தூண்கள். நிற்கிற தூணை ஏன் இடிக்க வேண்டும் என்பதே கமிட்டியில் பெரும்பாலோர் கருத்து, என்னுடையதும் அதுதான். மதுரையிலிருந்து வந்த இளம் பொறியாளர் சுத்தியலால் ஒவ்வொரு தூணாகத் தட்டினார். மூன்று தூண்கள் நல்ல மண்பானையைப் போல் கணீரென்றன, மற்றவை பொத்துப் பொத்தென்றன. ஒரு தூணைக் கொத்தி, பிளஸ் டூ ஆய்வகத்தில் பார்த்த அதே பினாப்தலீனைத் தெளித்தார். உள்ளே இளஞ்சிவப்பாக மாறியதும் நாங்கள் கை தட்டினோம். "தட்டாதீங்க சார், காத்து உள்ள போயி காங்கிரீட்டோட காரத்தைக் குறைக்கிறதுதான் கார்பனேஷன், அது உள்ள போகலைன்னுதான் இதுக்கு அர்த்தம். உப்பு வேற கணக்கு" என்றார்.

உப்பின் கணக்கை அவர் விளக்கியது இது. உப்பால் கம்பி துருப்பிடித்தால் பருமன் பல மடங்கு பெருத்து, மேலே இருக்கும் காங்கிரீட்டை வெடிக்க வைக்கும். கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு (உப்பில் இருப்பது) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. அன்றைக்குத் தண்ணீர் இறைத்தது பக்கத்துக் கிணற்றில். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது ஊருக்கே தெரியும். கடற்கரைக் கட்டடத்தில் கம்பியை மூடும் காங்கிரீட், அதாவது கவர், 45 மில்லிமீட்டர் கனம் வேண்டும், உப்புச் சாரல் நேராக அடிக்கிற இடத்தில் 50. நம் தூணில் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. ஒன்பது தூண்களை இடிப்பதென்று முடிவானது. கணீரென்ற மூன்றை நிறுத்திவைத்திருக்கிறோம். இடிப்பவற்றில் ஒன்றை மட்டும் உடைத்த வாக்கிலேயே, துருக்கம்பி தெரிய, வாசலில் விடலாம் என்பது என் யோசனை. வீடு கட்ட வருகிறவர் முதலில் அதைப் பார்க்கட்டும்.

வரைபட விஷயத்தில் தவறு எங்கள் மேல். முதல் படத்தை வெளியூர் அலுவலகம் ஒன்றில் போட்டு வாங்கினோம். முகப்பு முழுக்கக் கண்ணாடி, அதுவும் மேற்கே பார்த்து. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, சுவரில் ஒட்டினோம். ஒரு வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. படத்தில் யாருக்கும் எதுவும் புரியவில்லை என்பது அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது.

அதனால் சுண்ணாம்புத் தூளை எடுத்துக்கொண்டு தரையிலேயே முழு அளவுக்குக் கோடு போட்டோம். சுவர் ஒரு கோடு, வாசல் ஓர் இடைவெளி. மீன் விற்கும் அப்பத்தா ஒருவர் தலையில் பெட்டியோடு வந்து வாசல் கோட்டுக்கு நடுவே நின்றார். "எதிர்த்தாப்புல இன்னொருத்தி பெட்டியோட வந்தா நான் எங்கிட்டுப் போறது?" என்றார். அங்கேயே கோட்டை அழித்து அகலப்படுத்தினோம். நாட்டுப்படகுக்காரர்கள் நின்று காற்றுப் பார்த்தார்கள். தெற்கே சோழகக் காற்றுக்குச் சன்னல், மழை மாதத்து வாடைக்கு வடக்கே கெட்டிச் சுவர். கண்ணாடி முகப்பு அன்றோடு போயிற்று. கடற்பாசி எடுக்கும் பெண்கள் கேட்டது ஒன்றே ஒன்று: கடலிலிருந்து நேரே வந்து கால் கழுவ வெளியே ஒரு குழாய். எந்தப் படத்திலும் அது இல்லை.

நவம்பர் 20-ஆம் தேதி மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மறுநாள் காலை நம் மனையில் தண்ணீர் நின்ற மட்டத்தை அந்த மூன்று தூண்களிலும் பெயிண்டால் குறித்து வைத்தோம். தரைமட்டம் அதற்கு இரண்டு அடி மேலே வரும்.

பழைய சுற்றுச்சுவர் முருகைக்கல்லால், அதாவது பவளப்பாறைக் கல்லால், ஆனது. இன்னும் நாலு வண்டி கல் கிடைத்தால் அதே மாதிரி கட்டிவிடலாமே என்று ஒரு பேச்சு வந்தது. கிடைக்காது, தேடவும் கூடாது. 2001 முதல் பவளப்பாறை வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இருக்கிற கல்லைச் சுண்ணாம்புச் சாந்து வைத்துப் பழுதுபார்ப்போம். கூரைக்குப் பனங்கையும் (பனைமரச் சட்டம்) ஓடும்.

நிலுவையில் இருப்பது கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி. கடலுக்கும் கட்டடத்துக்கும் உள்ள தூரத்தை அலை வந்து போகும் இடத்திலிருந்து அளப்பதில்லை, பெரிய ஓதத்தில் தண்ணீர் உச்சமாக ஏறும் உயர் அலைக் கோட்டிலிருந்து அளப்பார்கள். அந்தக் கோட்டை வரைபடத்தில் குறித்து வாங்கும் வேலை நடக்கிறது. அது கைக்கு வரும் வரை ஒரு செங்கல்கூட வைப்பதில்லை. சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. ஒருமுறை அவசரப்பட்டுத்தான் பன்னிரண்டு தூண்கள் நின்றன.

அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் மனையில் ஓலைக் கொட்டகையில் உட்காருகிறோம். இதுவரை ஏழு குடும்பத்தார் வீட்டுப் படத்தோடு வந்து போனார்கள். இருவர் சமையலறையை இடம் மாற்றினார்கள், ஒருவர் மாடி வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தூண் இடிக்கும் கூலிக்கும் வாசல் தூணுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். கொட்டகைச் சாவி ஒன்று என்னிடமும் இன்னொன்று பாலத்தடி டீக்கடையிலும் இருக்கிறது. சுண்ணாம்புத் தூள் தீர்ந்துவிட்டது, யாராவது ஒரு மூட்டை வாங்கித் தந்தால் நல்லது.

இப்படிக்கு,
செயலாளர்