சொல்தாக்களின் நினைவுகளைப் பதிவு செய்க

ஆசிரியருக்கு,

புதுச்சேரி கடற்கரைச் சாலையிலுள்ள போர் நினைவுச் சின்னத்தில் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று மலர் வளையம் வைக்கப்பட்ட செய்தியை மறுநாள் இதழில் கண்டேன். முதல் உலகப் போரில் உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938இல் திறக்கப்பட்ட அச்சின்னத்திற்கு ஆண்டுதோறும் மரியாதை செலுத்துவது முறையே. ஆனால் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பணியாற்றி, உயிரோடு திரும்பி, நம்மிடையே முதுமையடைந்த சொல்தாக்களின், அதாவது பிரெஞ்சுப் படையில் சேர்ந்த நம்மூர் வீரர்களின், வாழ்க்கை அவர்களோடு சேர்ந்தே மறைந்துபோகிறது.

அண்மையில் காலமான என் தந்தை அவர்களுள் ஒருவர். சைகோனுக்குக் கப்பலேறியபோது அவருக்குப் பிரெஞ்சில் எண்களும் கட்டளைகளும் மட்டுமே தெரியும். ஓய்வுபெற்ற பின்னரும் சும்மா இராமல், அம்மாவின் கோபத்தையும் பொருட்படுத்தாது, வம்பாகீரப்பாளையத்து மீனவ நண்பர்களோடு விடியலில் கடலுக்குப் போய்வந்தார், தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் நீச்சலும் கற்றுக்கொடுத்தார். அவருடைய பணிப் புத்தகத்தையும் புகைப்படங்களையும் பூச்சி அரிக்கத் தொடங்கியிருந்ததைக் காரியம் முடிந்து பெட்டியைத் திறந்தபோதுதான் கண்டோம். இத்தகைய ஆவணங்களைப் புதுச்சேரி அருங்காட்சியகம் குடும்பங்களிடமிருந்து பெற்று, மின்படி எடுத்துத் திருப்பித் தர வேண்டும். எஞ்சியுள்ள முதியவர்களின் நினைவுகளையும், அடுத்த ஜூலைக்குக் காத்திராமல், அவர்தம் வீடுகளுக்கே சென்று ஒலிப்பதிவு செய்ய வேண்டும்.

– முன்னாள் படைவீரர் ஒருவரின் மகள், முத்தியால்பேட்டை, புதுச்சேரி