பருவ நிறைவுக் கடிதம் – ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுச் செயல்திட்டம் குறித்தும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இப்பருவம் நல்லபடியாக முடிகிறது. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் பிள்ளைகள் சிறப்பாகச் செய்தார்கள். தேர்வு முடிவுகளும் நிறைவாகவே உள்ளன. விவரம் அறிவிப்புப் பலகையில்.

ஒன்பதாம் வகுப்பின் வரலாற்றுச் செயல்திட்டம் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய இராணுவம் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வேலைவாங்கிப் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில்பாதையில் போர்க்கைதிகள் எப்படி உயிர் பிழைத்தார்கள் என்பது தலைப்பு. பிள்ளைகளின் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் ‘கைதிகளின் பசியை உணர்கிறோம்’ என்று சிலர் மதிய உணவைத் தவிர்க்கிறார்கள். சில வீடுகளில் இதற்கு ஆதரவும் இருக்கிறது. நோக்கத்தில் குறை காணவில்லை. பாடம்தான் தடம் மாறிவிடுகிறது.

ஒருவேளைப் பட்டினி தலைவலியைத் தரும், அவ்வளவுதான். மாலையில் சாப்பாடு உண்டென்று பிள்ளைக்குத் தெரியுமே. முகாம்களிலோ சோறு உண்டவர்களுக்கும் பெரிபெரி என்னும் பி1 வைட்டமின் குறைபாட்டு நோய் வந்தது. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு பி1 வைட்டமினும் போய்விடும். உடலிலுள்ள இருப்பு இரண்டு மூன்று வாரம்தான் தாங்கும். பிறகு கால் வீங்கும், இதயம் தளரும். தீட்டிய அரிசியையும் தவிடு நீக்காத அரிசியையும் ஒவ்வொரு பிடி அருகருகே வைத்துக் காட்டினாலே இது விளங்கும்.

1943இல் காலரா பரவியபோது பலரைக் காத்தது கட்டுப்பாடு. குடிநீரைக் கொதிக்க வைத்தார்கள். உண்ணும் முன் தட்டைக் கொதிநீரில் முக்கினார்கள். மருத்துவர்கள் மூங்கிலையும் ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர் குழாயையும் கொண்டு உப்புநீர் ஏற்றினார்கள். கைதிகளாக இருந்த இராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கிடைத்த பணத்தில் ஒரு பங்கைப் போட்டு நோயாளிகளுக்கு வாத்து முட்டை வாங்கினார்கள். அப்படியும் சுமார் 60,000 கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் இன்னும் பல மடங்கு. அவர்களுக்குள் மன உறுதிக்குப் பஞ்சமில்லை. கூடவே வந்த இராணுவ மருத்துவர்களும் முகாமை நடத்தும் அமைப்பும்தான் இல்லை. இதைத் தொடாத செயல்திட்டம் அரைகுறையே.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ‘கைதி–காவலர்’ விளையாட்டு என்று சக மாணவனின் கையைக் கட்டி மண்டியிட வைத்ததும், அந்தக் காணொலி பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சிரிப்புக் குறிகளோடு சுற்றியதும் ஏற்க முடியாதவை. இனி நடந்தால் செயல்திட்ட மதிப்பெண் கிடையாது. பெற்றோர் நேரில் வர வேண்டியிருக்கும். காணொலியை வைத்திருப்பவர்கள் இன்றே அழித்துவிடுங்கள்.

வீட்டில் செய்ய ஒன்று போதும்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வயிற்றுப்போக்கில் இழக்கும் நீரை ஈடுசெய்ய இன்று நாம் குடிக்கும் கரைசல் இது. பிள்ளைகள் குவித்து அளந்துவிடுவார்கள். உப்பு கூடினால் ஆபத்து. கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கச் சொல்லுங்கள். முகாம் புகைப்படங்களை அவர்கள் தனியே தேட விடாதீர்கள். கைதிகளே வரைந்த ஓவியங்களை வகுப்பில் காட்டுவோம். மலாயா போன உறவினர் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்பதென்றால், அவர்கள் விரும்பினால் மட்டும். அனுமதியின்றிப் பதிவு செய்ய வேண்டாம்.

பழைய கடிதங்களின் நகல்களைத் தந்துதவிய குடும்பங்களுக்கும், உணவு குறித்த கவலையை முதலில் தெரிவித்த பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி. செயல்திட்டத் தாள்களை வரும் திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்