உன் மைக் விஷயம்

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்திருப்பதில் சந்தோஷம். வேலூர் வெயிலைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? கத்திரி முடிந்தும் மத்தியானத்தில் சத்துவாச்சாரியில் ஒரு நாய்கூட வெளியே வருவதில்லை. தங்கச்சி மகளுக்குக் காட்பாடியில் இடம் அமைந்துவிட்டது. ஆவணியில் கல்யாணம். பத்திரிகை அடித்ததும் நேரில் வந்து அழைக்கிறேன்.

சரி, மைக் விஷயத்துக்கு வருகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய யூமிக்-1 என்கிற அளவெடுக்கும் மைக்கைக் கேலிபரேஷனுக்கு (சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துத் திருத்த) அனுப்பாமல் உன் பெண்ணின் வீணை வகுப்பு அறையை அளக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். எதை அளக்கப் போகிறாய் என்பதைப் பொறுத்தது அது. சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால், தாராளமாக அளக்கலாம். சத்தம் 60 டெசிபல் இறங்க எடுக்கும் நேரம்தான் ரிவர்ப் டைம். மைக் 3 டெசிபல் கூட்டிக் காட்டினால் முதலிலும் கூட்டும், கடைசியிலும் கூட்டும். இறங்குகிற வேகம் மாறாது. 1895இல் வாலஸ் சபீன் என்கிற இயற்பியலாளர் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்தை அளக்கத் தொடங்கினாரே, அவரிடம் மைக்கே கிடையாது. ஆர்கன் குழாயை ஊதவிட்டு நிறுத்துவார், சத்தம் தேயும் வரை தன் காதால் கேட்டு நேரம் குறிப்பார், அவ்வளவுதான். ஆனால் போன் மைக்கை மட்டும் நம்பாதே. சத்தம் தேயத் தேய பல போன்கள் தாமாகவே கெயினை, அதாவது சத்தத்தைப் பெருக்கும் அளவை, ஏற்றிவிடும். அளவு மொத்தமும் பொய்யாகிவிடும்.

போன மாதம் குடியாத்தம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். 20 மீட்டர் நீளம், 12 அகலம், 5 உயரம். தரையெல்லாம் டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. "மைக்ல பேசுறது ஒண்ணும் புரியல சார், எக்கோ அடிக்குது" என்றார் ஓனர். இன்னும் நாலு ஸ்பீக்கர் மாட்டினால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். ஃபேன்களை நிறுத்திவிட்டு, சமையல்கட்டுக் கதவையும் சாத்திவிட்டு ஸ்வீப், அதாவது அடியிலிருந்து உச்சம் வரை ஏறும் சோதனை ஒலி, ஓட்டினேன். 500 ஹெர்ட்ஸ் பக்கம் ரிவர்ப் டைம் 4 நொடி! சபீன் கணக்குப்படி 0.161ஐ 1200 கன மீட்டரால் பெருக்கி 4ஆல் வகுத்தால், அந்தக் கூடம் முழுக்கச் சத்தத்தை உறிஞ்சுவது, முழுதாக உறிஞ்சும் பரப்பாகக் கணக்கிட்டால், வெறும் 48 சதுர மீட்டர்தான். 300 பேர் உட்கார்ந்தால், ஆளுக்கு அரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வைத்தாலும், ஒரு நொடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதனால்தான் முகூர்த்த நேரத்தில் பேச்சு புரிகிறது, கூட்டம் கலைந்த பிறகு புரிவதில்லை. ஸ்பீக்கரைக் கூட்டினால் எக்கோவுக்கும் சேர்த்துத்தான் தீனி போடுகிறோம். பின்சுவரில் 60 சதுர மீட்டருக்கு ராக்வூல் (கல்பஞ்சு) பலகை அடித்துத் துணி போர்த்தினாலே நேரம் பாதியாகும் என்று சொன்னேன். ஓனர் யோசிக்கிறார். ஸ்பீக்கர் என்றால் வருகிறவர்கள் கண்ணில் படும். பஞ்சுப் பலகைக்கு யார் காசு கொடுப்பார்கள்?

இதற்கெல்லாம் கேலிபரேஷன் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஆன்லைன் வகுப்புக்கு வைத்திருக்கும் ஸ்பீக்கருக்கு ஈக்யூ (அடி, உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வது) போட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். அங்கே கதை வேறு. மைக் 10,000 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் கூட்டிக் காட்டினால், நீ ஸ்பீக்கரில் அதைக் குறைத்து வைப்பாய், வீணையின் மீட்டு மழுங்கிப்போகும். அந்த மைக்குக்கு அதன் சீரியல் எண்ணை வைத்து அதைத் தயாரிக்கும் மினிடிஎஸ்பி நிறுவனத்தின் தளத்திலேயே கேலிபரேஷன் கோப்பு, அதாவது அந்த மைக் எங்கே எவ்வளவு கூட்டிக் குறைத்துக் காட்டும் என்கிற பட்டியல், கிடைக்கும். இரண்டு கோப்புகள் வரும். மைக்கை ஸ்பீக்கரைப் பார்த்து நீட்டினால் 0 டிகிரி கோப்பு, கூரையைப் பார்த்து நிமிர்த்தி வைத்தால் 90 டிகிரி கோப்பு. இரண்டையும் மாற்றிப் போட்டால் அடிக்குரலில் ஒன்றும் தெரியாது, உச்சத்தில்தான் வித்தியாசம் வரும்.

கோப்பு பழசாயிற்றே என்று சந்தேகமா? நம்பகமான இன்னொரு மைக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலில் ஒன்றை வைத்து அளந்துவிட்டு, எடுத்து, அதே இடத்தில் மற்றதை வை. அதே இடம் என்றால் அதே இடம்தான். 10,000 ஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளமே மூன்றரை சென்டிமீட்டருக்குள். விரல்கடை தள்ளி வைத்தாலும் நீ அளப்பது மைக்கை அல்ல, அறையை. நூல் தொங்கவிட்டு, காப்ஸ்யூல் (ஒலியை வாங்கும் தலைப்பகுதி) முனைக்கு நேரே குறி வைத்துக்கொள். அறைக்குள் வேண்டாம், மொட்டைமாடியில் ஸ்பீக்கருக்குக் கிட்டத்தில் செய்.

எத்தனை டெசிபல் சத்தம் என்கிற நேர் அளவு வேண்டுமென்றால்தான் கேலிபரேட்டர் வேண்டும். 1,000 ஹெர்ட்ஸில் 94 டெசிபல், அதாவது ஒரு பாஸ்கல் அழுத்தம் தரும் குட்டி உருளை. என்னிடம் ஒன்று இருக்கிறது. உன் மைக்கின் தடிமனுக்கு ஏற்ற வளையம்தான் தேட வேண்டும். துளி காற்று கசிந்தாலும் அளவு குறைந்துவிடும்.

கல்யாணத்துக்கு வரும்போது மைக்கையும் கொண்டு வா. வெயிலில் கார் டேஷ்போர்டு மேல் போட்டு வைக்காதே. பெட்டி இருந்தால் அதையும் எடுத்து வா, மைக்கில் சீரியல் எண் அழிந்திருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் மாப்ள